ஸ்கீட்டரில் படுக்க இடம்

சில்வி லாஹ்தி ஒன்றை நினைத்துவிட்டால் அதற்காக ஒற்றைக்காலில் நிற்கிற ஆள். மாவட்டச் சாலைத் துறையில் பனி வாரும் லாரி ஓட்டுகிறாள். சுப்பீரியர் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தீபகற்பத்தில் நவம்பரில் தொடங்குகிற பனி ஏப்ரலில்தான் ஏதோ போனால் போகிறதென்று நிற்கும். மற்ற ஓட்டுநர்கள் ரேடியோவில் "இதுக்கு மேல முடியாது, திரும்பறோம்" என்று சொல்கிற இடத்தில்தான் சில்விக்கு உற்சாகமே பிறக்கும். அவள் லாரி பாதியில் திரும்பியதாக யாரும் பார்த்ததில்லை.

இந்தக் குளிர்காலம் முழுக்க அவள் ஒற்றைக்காலில் நின்றது ஒரு பாய்மரப் படகுக்காக. சின்னதாக இருக்க வேண்டும், தங்கள் பிக்கப்புக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகிற அளவுக்கு. வேகமாக இருக்க வேண்டும். உள்ளே இரண்டு பேர் காலை நீட்டிப் படுக்க இடம் வேண்டும். முதல் இரண்டும் அவளுடைய ஆசை. மூன்றாவது அவள் புருஷன் வெய்ன் போட்ட நிபந்தனை.

போன ஆகஸ்டில் நடந்த கூத்துதான் காரணம். கேபின் இல்லாத பழைய திறந்த படகில் இருவரும் ஐல் ராயல் தீவுக்குக் கிளம்பினார்கள். சுப்பீரியரை ஏரி என்று சொல்வதே ஒரு பழக்கதோஷம்; நடுவில் போய்விட்டால் எந்தப் பக்கமும் கரை தெரியாது. அன்று சாயங்காலம் காற்று திரும்பி, அலை எழும்பி, தீவைப் பார்க்காமலே திரும்ப வேண்டியதாயிற்று. ராத்திரி முழுக்க நனைந்து, விடியும்போது கரை சேர்ந்தார்கள். உதடு நீலம் பாரித்து நின்ற வெய்ன், கயிற்றைக்கூடக் கட்டாமல், "படுக்க இடமில்லாத படகுல இனிமே நான் கால் வைக்கமாட்டேன்" என்றான். அக்டோபரில் அந்தப் படகை விற்றுவிட்டார்கள்.

சில்விக்குத் தனியாகப் போகத் தெரியும். படகு கிளப்பில் பாதி ஆண்களுக்குப் பாய் கட்டச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். ஆனால் கல்யாணமான முதல் கோடையிலிருந்து படகில் எதிரே வெய்ன் உட்கார்ந்திருந்தான். மடியில் இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டி பொட்டலம், ஒரு கையில் கயிறு, வாயில் ஏதாவது ஒரு புலம்பல். அந்த இடம் காலியாக இருக்கும் படகு அவளுக்கு வேண்டாம். ஆகவே அவனுக்குப் படுக்கை உள்ள படகு கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் இந்தக் கோடையில் அவள் ஒருத்தியாகப் போக வேண்டும், இல்லையென்றால் போகாமலே இருக்க வேண்டும்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, கென்னி ரௌட்டியோவின் கொட்டகையில் இரண்டு படகுகள் விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு இருவரும் போனார்கள். குளிர்காலத்தில் அங்கே படகெல்லாம் தண்ணீரை விட்டு ஏறி, வெள்ளைப் பிளாஸ்டிக் உறைக்குள் ஸ்டாண்டின் மேல் நிற்கும். ஏணி வைத்து ஏறித்தான் பார்க்க வேண்டும். வெளியே மூக்கு உறைகிற குளிர். உள்ளே அதைவிடக் கொஞ்சம் மோசம்.

கென்னி வெய்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். "வாடா வெய்ன், வா சில்வி. காபி இருக்கு. குடிக்கிற மாதிரி இருக்கான்னு மட்டும் கேக்காதீங்க."

"உன் காபியத் தெரியாதாடா? போன வருஷம் குடிச்சதே இன்னும் தொண்டையில நிக்குது," என்றான் வெய்ன்.

முதலில் 'டட்ச்சஸ்' என்கிற படகு. நீளம் குறைவுதான், ஆனால் நன்றாகத் தின்று வளர்ந்த படகு. உள்ளே மேசை, அடுப்பு, திரை போட்ட ஜன்னல், கதவு வைத்த கழிவறை. காலையில் வேறு யாரோ பார்க்க வந்ததால் கென்னி மின் ஹீட்டர் போட்டு வைத்திருந்தான். வெய்ன் கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினான், மெத்தையில் சாய்ந்தான், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

"சில்வி, இங்க பாரு. அலமாரிகூட இருக்கு."

"அலமாரி தீவுக்குப் போகுமா? கென்னி, இது ஓடுமா?"

"காத்து அடிச்சா ஓடும்."

"எவ்வளவு வேகமா?"

கென்னி காதைச் சொறிந்தான். "அவசரமில்லாதவங்களுக்குப் போதும்."

"இது படகில்லடா. மிதக்கிற வாடகை வீடு," என்றாள் சில்வி. அவளுக்கு அந்த ஜன்னல் திரையைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. பூப்போட்ட திரை வேறு.

அடுத்தது கொட்டகைக் கோடியில் நின்றது. பெயர் 'ஸ்கீட்டர்'. அந்த ஊர்ப் பேச்சில் கொசு. ஒடுங்கிய முன்பக்கம், நீண்ட பாய்மரம், கீழே தூக்கி இறக்குகிற இரும்புப் பலகை. பிளாஸ்டிக் உறைக்குள் குனிந்து அதன் அடிவயிற்றை ஒரு தரம் தடவிப் பார்த்த சில்விக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. இந்தப் படகு ஓடும் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சும்மா நிற்கும்போதே அதற்கு நிற்கப் பிடிக்காதது போலிருந்தது.

படுக்கைதான் சிக்கல். சுக்கான் பிடிக்கிறவர் உட்காரும் பலகைகளுக்கு அடியில், இரண்டு பக்கமும் இரண்டு நீளப் பொந்துகள். காலை முதலில் உள்ளே விட்டு, தலை மட்டும் கேபினில் இருக்கிற மாதிரி நுழைந்து படுக்க வேண்டும். சில்வி கோட்டோடு நெருக்கியடித்து நுழைந்தாள். "படுக்கலாம்," என்றாள்.

"நீ படுப்பே. என் தோளைப் பாரு."

"முதல்ல படு. அப்புறம் பேசு."

டட்ச்சஸை விட்டு இறங்கும்போதே வெய்ன் கோட்டைத் திரும்பப் போட்டு ஜிப்பைக் கழுத்துவரை இழுத்திருந்தான். வாழ்நாள் பூராவும் பேஸ்டிக் கடை வைத்திருக்கிற மனிதனுக்கு இருக்க வேண்டிய உடம்பு அவனுக்குக் குறைவில்லாமல் இருந்தது. காலை விட்டான், இடுப்பு போயிற்று, வயிறு யோசித்துவிட்டுப் போயிற்று. தோள் நின்றுவிட்டது. கோட்டு இரண்டு பக்கமும் கரகரவென்று உரசியது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"கென்னி," என்றான் உள்ளிருந்து, நிதானமாக. "என்னை எடுடா."

கென்னி இரண்டு அக்குளிலும் கை கொடுத்து இழுத்தான். சிரிப்பில் அவனுக்கும் பலம் போய்விட்டது. "உன்னையும் சேத்து விக்கறதா இருந்தா விலையக் குறைக்கணும் போலிருக்கேடா."

வெளியே வந்த வெய்ன் மூச்சு வாங்கிக்கொண்டு, "பாத்தியா?" என்றான். அதில் கொஞ்சம் வெற்றி இருந்ததாகச் சில்விக்குத் தோன்றியது. "நான் மாட்டேன்னு சொல்லல. இடம் இல்ல, அவ்வளவுதான். டட்ச்சஸை எடுத்துக்கலாம்."

"ஸ்கீட்டரைப் பாக்க மினியாபோலிஸ்லேருந்து ஒருத்தர் திங்கக்கிழமை வர்றாரு," என்றான் கென்னி. "இப்பவே சொல்லிடறேன். அப்புறம் என்மேல கோபப்படாதே, சில்வி."

வீடு வரும்வரை சில்விக்கு அழுகை வருகிற அளவுக்குக் கோபம். யார்மேல் என்றுதான் தெரியவில்லை. மனிதனின் தோள் அகலமாக இருந்தால் அது அவன் தப்பா?

சனிக்கிழமை சாயங்காலம் சௌனா, அதாவது நீராவிக் குளியல். என்ன சண்டை நடந்தாலும் அந்த வீட்டில் அது நிற்காது. பின்கட்டில் இருந்த மரச் சௌனாவில் அடுப்பு காய்ந்து, வெய்ன் மேல்பலகையில் உட்கார்ந்து கல்லின்மேல் தண்ணீர் ஊற்றினான். ஆவி எழுந்தது. கீழ்ப்பலகையில் உட்கார்ந்திருந்த சில்வி நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன அப்படிப் பாக்கறே? புதுசா?"

"கையைக் கீழ விடு. உடம்பை ஒட்டி வை."

"எதுக்கு?"

"வை, சொல்றேன்."

வைத்தான். நனைந்து சிவந்து உட்கார்ந்திருந்த மனிதனின் தோள் அப்படியொன்றும் அகலமில்லை. வயிறு உண்டு; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் தோள் எல்லோருக்கும் போலத்தான் இருந்தது. சில்வி நெற்றியில் அடித்துக்கொண்டாள். மார்ச் மாதத்தில் அந்த ஊரில் கோட்டும் உடம்பும் ஒன்று. நவம்பரில் போட்டுக்கொண்டு மே மாதம் கழற்றுவதை யாரும் துணி என்றே நினைப்பதில்லை. ஃபிளானல் சட்டை, அதன்மேல் கம்பளி, அதன்மேல் பஞ்சு பொதிந்த கோட்டு. ஜூன் மாதத்தில் தூங்கப்போகிற இடத்தை அத்தனையையும் மாட்டிக்கொண்டு அளந்திருக்கிறார்கள், மூன்று முட்டாள்கள்.

"நீ கோட்டோட படுத்தே, வெய்ன்."

அவன் கரண்டியை எடுத்து மறுபடி தண்ணீர் ஊற்றினான். தேவையில்லாத தண்ணீர்.

"கோட்டோட படுத்தே," என்றாள் மறுபடி. அப்போதுதான் அடுத்தது உறைத்தது. "டட்ச்சஸ்ல கழட்டி மாட்டினியே. இதுக்கு வரும்போது எதுக்குத் திரும்பப் போட்டே?"

"குளிருச்சு."

"என்னைப் பாத்துச் சொல்லு."

வெய்ன் அவளைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்தான்.

"எனக்குப் பயமா இருக்கு, சில்வி," என்றான். "படுக்கையெல்லாம் சும்மா சொன்னேன். ஆகஸ்ட்லேருந்து அந்தத் தண்ணிப் பக்கம் திரும்பிப் பாக்கவே பிடிக்கல. டட்ச்சஸ்னா நீ எங்கயும் போகமாட்டே. துறையிலயே கட்டி வச்சு, காபி போட்டுக் குடிச்சிட்டு வந்துடலாம்."

சில்விக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "குளிர்காலம் முழுக்க என்னை அலைய விட்டியே. ஒவ்வொரு படகா இன்ச் டேப்பு வச்சு அளந்தேனே. சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேன்."

"எப்ப சொன்னே?"

"அன்னைக்கே சொன்னேன். மத்தியானம். மேற்கே மேகம் ஏறுது, திருப்பலாம்னு சொன்னேன். நீ இன்னும் கொஞ்சம் போலாம்னே. ரெண்டாவது தரமும் சொன்னேன். இன்னும் கொஞ்சம்னே. மூணாவது தரம் நான் சொல்லல."

அது உண்மை. சில்விக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. அதை எடுத்துப் பார்க்காமல் இருந்தாள், அவ்வளவுதான். பனியில் முன்னே போவதற்கு அவளுக்குப் பதக்கம் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் அவன் பேச்சைக் கேட்க வேண்டும் என்பதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, கற்றுக்கொடுக்க வேண்டியதும் இல்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெப்பத்திலும் முகம் தனியாகச் சுட்டது.

"என் தப்புதான்," என்றாள். "இன்னும் கொஞ்சம்னு சொன்னது தப்பு."

அவன் தலையசைத்தான். அதை அவன் எதிர்பார்த்திருக்கவில்லை என்று தெரிந்தது.

ஆனாலும் சில்வி சில்விதான். விட்டுவிடுகிற ஜாதி இல்லை. "இப்ப நான் சொல்றதக் கேளு. அன்னைக்கு நம்மளை மாட்டிவிட்டது அலை இல்ல, நேரம். அந்தப் பழைய மரக்கட்டை நகரவே இல்ல. ஸ்கீட்டர் மாதிரி ஒண்ணு இருந்திருந்தா, நீ மொதல் தரம் சொன்னப்ப திருப்பியிருந்தா, காத்து வர்றதுக்குள்ள கரையில இருந்திருப்போம். திருப்பாட்டியும், தீவுல இருந்திருப்போம். டட்ச்சஸ் உன்னை நடு ஏரியில ராத்திரி பூரா உக்கார வைக்கும், அலமாரியோட. பயப்படறவனுக்குத்தான்டா வேகமான படகு வேணும்."

வெய்ன் அதை மென்று பார்த்தான். மாவு பிசைகிறவன், எதையும் அவசரமாக விழுங்கமாட்டான்.

"சரி, படகு சரி," என்றான் கடைசியில். "சுக்கான் உன் கையிலதானே இருக்கும்."

"ஆமா."

"நான் திருப்புன்னா திருப்பணும். ஏன்னு கேக்கக் கூடாது. இன்னும் கொஞ்சம்னு சொல்லக் கூடாது. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

மூன்றாவதுதான் கஷ்டம். வாக்குக் கொடுத்துவிட்டால் காப்பாற்ற வேண்டும் என்று நினைக்கிறவள் அவள். ஆகவேதான் யாருக்கும் சுலபத்தில் வாக்குக் கொடுக்கமாட்டாள். தீவு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் அவன் திருப்பு என்று சொன்னால்?

"திருப்பறேன்," என்றாள். "ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

மறுநாள் காலை கென்னியைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கொட்டகையைத் திறக்கச் சொன்னார்கள். ஸ்கீட்டருக்குள் ஏறி, மூச்சு புகையாகப் போகிற குளிரில், வெய்ன் கோட்டைக் கழற்றினான். கம்பளியைக் கழற்றினான். சட்டையோடு பொந்துக்குள் காலை விட்டு, ஒரே இழுப்பில் தோள்வரை உள்ளே போய், மல்லாந்து படுத்தான். புரண்டும் காட்டினான்.

"உசுரு இருக்கா?" என்று கீழிருந்து கேட்டான் கென்னி.

"இருக்கு. பல்லுதான் தந்தியடிக்குது. சீக்கிரம் கைய நீட்டுடா, முடிச்சுக்குவோம்."

ஏணியின் மேலிருந்து சில்வியும் கீழிருந்து கென்னியும் கை குலுக்கிக்கொண்டார்கள். மினியாபோலிஸ்காரருக்குக் கென்னி டட்ச்சஸைக் காட்டினான். அவருக்கு அந்தப் பூப்போட்ட திரை மிகவும் பிடித்துப்போனதாகக் கேள்வி.

ஜூனில் ஸ்கீட்டரைத் தண்ணீரில் இறக்கினார்கள். முதலில் வளைகுடாவுக்குள்ளேயே ஓட்டிப் பழகினார்கள். அப்படியே பறந்தது. ஒரு ராத்திரி நங்கூரம் போட்டு உள்ளே படுத்தும் பார்த்தார்கள். நன்றாகத் தூங்கியதாக வெய்ன் காலையில் சொன்னான். சில்வி நம்பவில்லை, அவள் கண் விழித்தபோதெல்லாம் அவனுடைய கண்ணும் திறந்துதான் இருந்தது.

மாதக் கடைசியில் ஒருநாள் ரேடியோவில் ஏரி வானிலை நல்லபடியாகச் சொன்னது. விடிந்ததும் காப்பர் ஹார்பர் துறையிலிருந்து கிளம்பினார்கள். தென்மேற்குக் காற்று பக்கவாட்டில் சீராக வந்தது. கரை மெலிந்து மறைந்தது. வெய்ன் எதிரே உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து, பாதி பேஸ்டியை அவளிடம் நீட்டினான். அடிக்கடி மேற்கே திரும்பிப் பார்த்தான். சில்வியும் பார்த்தாள், அவனுக்குத் தெரியாமல்.

மத்தியானம் தாண்டியதும் வடக்கே தண்ணீருக்கு மேல் நீலமாக ஒரு கோடு தெரிந்தது. ஐல் ராயல். அலையோ மேகமோ என்று முதலில் சந்தேகமாக இருந்தது, அப்புறம் இல்லை. சில்வி சுக்கான்பிடியை இறுகப் பிடித்தாள். எத்தனையோ கோடைகளாக நினைத்துக்கொண்டிருந்த இடம். கத்த வேண்டும்போல இருந்தது.

"சில்வி," என்றான் வெய்ன். அவன் மேற்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே அடிவானத்தில் கறுப்பாக ஒரு பட்டை கிடந்தது. பெரிதில்லை. "திருப்பு."

அவள் பட்டையைப் பார்த்தாள், தீவைப் பார்த்தாள். கணக்கு மனதில் தானாக ஓடியது. இந்த வேகத்தில் போனால் அந்த மேகம் வருவதற்குள் தீவை எட்டிவிடலாம், நிச்சயமாக எட்டிவிடலாம். அதைச் சொல்லவும் வாய் திறந்துவிட்டது. மூடிக்கொண்டாள். பிடியைத் தள்ளினாள். ஸ்கீட்டர் காற்றுக்குள் மூக்கை நுழைத்து, பாய் ஒரு தரம் படபடத்து மறுபக்கம் நிறைந்து, வந்த வழியே ஓடத் தொடங்கியது. தீவு அவள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக, படகின் முன்பக்கத்தில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் முட்டியது. காற்று என்று சொல்லிக்கொள்ள வசதியாகக் காற்று அடித்தது.

வெய்ன் கயிற்றைக் கட்டிவிட்டு அவளைப் பார்த்தான். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தவன்போல இருந்தான். ஃப்ளாஸ்கைத் திறந்து, காபி ஊற்றி, மெதுவாகக் குடித்தான். மேற்கே இருந்த பட்டையைக் கவனித்தான். அது வடக்கே போகவில்லை, கிழக்கேயும் வரவில்லை. இருந்த இடத்திலேயே வெளுத்துக்கொண்டிருந்தது. தெற்கே தங்கள் கரை இன்னும் தெரியவில்லை.

"நீ நெஜமாவே திருப்பிட்டே," என்றான்.

"சொன்னேனில்ல."

காபியின் மிச்சத்தை ஏரியில் ஊற்றினான். வெகு நேரம் அவன் தோள் தூக்கினாற்போல் இருந்தது. அது இப்போது இறங்கியது.

"சரி, போ. தீவுக்குப் போ."

"நெஜமா? மேகம்?"

"அது கரையுது. வந்தாலும் சொல்றேன். சொன்னாத்தான் நீ திருப்பிடுவியே." எழுந்து, கேபின் வாசலைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினான். "நான் கொஞ்சம் படுக்கறேன். வானம் ஏதாவது பண்ணிச்சுன்னா எழுப்பு."

அவள் பிடியை இழுத்தாள். ஸ்கீட்டர் மறுபடி சுற்றியது. நீலக் கோடு முன்னால் வந்து நின்றது. அவள் உட்கார்ந்திருந்த பலகைக்கு நேர் அடியில் அவன் கால்கள் உரசி உள்ளே போகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் புரண்டான். அப்புறம் புரளவில்லை. குனிந்து வாசல் வழியாகப் பார்த்தாள். கை ஒன்று வெளியே தொங்க, வாய் லேசாகத் திறந்திருக்க, வெய்ன் நடு ஏரியில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

வானம் ஒன்றும் பண்ணவில்லை. கரை நெருங்கி, தீவின் மரங்கள் தனித்தனியாகத் தெரிகிறவரை சில்வி அவனை எழுப்பவில்லை.